கணக்கில் உள்ள நீரும் குடத்தில் உள்ள நீரும்

1846-ஆம் ஆண்டு அக்டோபர் 4-ஆம் நாள் கருமத்தம்பட்டியில் ஆயர் ஒருவர் திருநிலைப்படுத்தப்பட்டார். அவர் பெயர் மெல்கியோர் தெ மரியோன் பிரெசில்லாக். பிரான்சு நாட்டில் 1813-இல் பிறந்தவர். 1842-இல் புதுவை மண்ணில் கால்வைத்தவர். கோவை மறைபரப்புத் தளத்தின் முதல் ஆயர் என்று நம் மறைமாவட்ட வரலாறு அவரைப் போற்றுகிறது. மலபார்ச் சடங்குகள் பற்றிய விவாதத்தில் எழுந்த மனச்சான்றின் கலக்கத்தால் 1855-இல் அவர் பொறுப்பிலிருந்து விலகினார். அடுத்த ஆண்டே லியோன் நகரில் ஆப்பிரிக்க மறைபரப்புச் சபையை நிறுவினார். 1859 மே 14-இல் மேற்கு ஆப்பிரிக்காவின் ஃபிரீடவுன் துறைமுகத்தில் வந்திறங்கினார். ஆறே வாரங்களில், சூன் 25-ஆம் நாள், மஞ்சள் காய்ச்சலில் உயிர் நீத்தார். 2020-இல் திருச்சபை அவரை வணக்கத்துக்குரியவர் என அறிவித்தது.

இந்த வரலாறு பலரும் அறிந்ததே. ஆனால் இதற்குள் நீரின் வரலாறு ஒன்றும் ஒளிந்து கிடக்கிறது. அவர் விட்டுச்சென்ற கொங்கு நாடு மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைமறைவில் கிடப்பது. கோவைச் சமவெளியில் ஆண்டு முழுவதும் பெய்யும் மழை ஏறத்தாழ 600 முதல் 700 மில்லிமீட்டர்தான். அவர் சென்றடைந்த சியரா லியோனின் கடற்கரையிலோ 3,000 மில்லிமீட்டருக்குக் குறையாமல் மழை கொட்டுகிறது. அவர் இறந்த சூன் மாதம் அங்கே மழைக்காலம். ஏழு ஆண்டுகளுக்கு மேல் வறண்ட கொங்கு நாட்டில் ஆயராய் வாழ்ந்தவரை, நீர் பெருகிய நாடு நாற்பத்திரண்டே நாளில் கொண்டுபோயிற்று. மஞ்சள் காய்ச்சலைப் பரப்பும் கொசு, வீடுகளில் தேக்கி வைக்கும் நீரில் முட்டையிடுவது என்பது அன்று யாருக்கும் தெரியாது. நம் ஊர்களில் டெங்குக் காய்ச்சலைப் பரப்புவதும் அதே கொசுதான். குழாயில் நாள்தோறும் நீர் வரும் வீட்டில் அதற்கு இடம் குறைவு. பத்து நாளுக்கு ஒருமுறை வரும் நீரைத் தொட்டியிலும் அண்டாவிலும் பிடித்து வைக்கும் வீடே அதற்கு வசதியான வீடு.

இன்று உலக நாடுகளின் நீர்வளத்தை ஒப்பிட்டு அட்டவணை போடுகிறார்கள். ஐ.நா.வின் உணவு வேளாண்மை அமைப்பு எண்களைத் திரட்டுகிறது. உலக வங்கி அவற்றை நாடுகளின் வருமானப் பிரிவுகளோடு சேர்த்து வெளியிடுகிறது. அவர்கள் கணக்கிடுவது ‘புதுப்பிக்கத்தக்க நன்னீர்’. அதாவது, ஆண்டுதோறும் பெய்யும் மழையில் ஆவியாகிப் போனதும் பயிரும் மரமும் குடித்ததும் கழிய, ஆறுகளில் ஓடுவதும் நிலத்தடியில் ஊறிச் சேர்வதும். கடல்நீர் கணக்கில் இல்லை. ஆயிரம் ஆண்டுகளாகப் பாறைக்கடியில் உறங்கும் பழைய நீரும் இல்லை. ஆண்டு வருமானம் மட்டுமே கணக்கு; வைப்புநிதி சேராது. அந்த அளவை மக்கள்தொகையால் வகுத்தால் ஒரு தலைக்கு எத்தனை கன மீட்டர் என்பது கிடைக்கும். ஒரு கன மீட்டர் என்பது ஆயிரம் லிட்டர். 1989-இல் சுவீடன் நாட்டு நீரியல் அறிஞர் மாலின் ஃபால்கன்மார்க் இதற்கு ஓர் அளவுகோல் வகுத்தார். ஆண்டுக்கு 1,700 கன மீட்டருக்குக் கீழே போனால் நெருக்கடி. 1,000-க்குக் கீழே போனால் பற்றாக்குறை. 500-க்குக் கீழே போனால் கடும் பஞ்சம்.

பிரெசில்லாக் ஆண்டகையின் இரு நாடுகளையும் இந்தக் கோலால் அளந்து பார்ப்போம். சியரா லியோனுக்கு ஆண்டுக்கு 160 கன கிலோமீட்டர் நீர். தலைக்கு 18,000 கன மீட்டருக்கும் மேல். இந்தியாவுக்கு 2021-இல் நடுவண் அரசு மதிப்பிட்ட அளவு தலைக்கு 1,486 கன மீட்டர். தமிழ்நாட்டின் பங்கு சுமார் 750 என்று அரசு ஆவணங்களே பன்முறை சொல்லியிருக்கின்றன. அட்டவணையை மட்டும் நம்பினால், ஃபிரீடவுன் மக்களைக் கண்டு கோவை மக்கள் பொறாமைப்பட வேண்டும். உண்மையோ வேறு. சியரா லியோனில் பாதுகாப்பான குடிநீர் வீட்டிலேயே கிடைப்பது ஏறக்குறையப் பத்தில் ஒருவருக்கு மட்டுமே. 2012-இல் அங்கே பரவிய வாந்திபேதி இருபதாயிரத்துக்கும் மேற்பட்டோரைத் தாக்கியது; ஏறத்தாழ முந்நூறு பேர் மாண்டனர். 2017 ஆகஸ்டில் தலைநகரை ஒட்டிய மலைச்சரிவு மழையில் சரிந்து ஆயிரத்துக்கும் மேற்பட்டோரைப் புதைத்தது. அதே நகரத்து ஏழைகள் கோடை வந்தால் மஞ்சள் நிறப் பிளாஸ்டிக் கேன்களைச் சுமந்துகொண்டு குழாயடியில் வரிசையில் நிற்கிறார்கள். அண்ணாந்து பார்த்தால் மழை, குனிந்து பார்த்தால் வறண்ட குழாய்.

வருமானப் பிரிவுகளை வைத்துப் பார்த்தால் வியப்பு இன்னும் கூடுகிறது. செல்வ நாடுகளின் வரிசையில் ஐஸ்லாந்து தலைக்கு 4 இலட்சம் கன மீட்டருக்கும் மேல் வைத்திருக்கிறது. கனடா 70,000-க்கும் மேல். அதே வரிசையில் அமர்ந்திருக்கும் குவைத்துக்குத் தலைக்குப் பத்துக் கன மீட்டர்கூடத் தேறாது; அந்நாட்டில் ஓர் ஆறும் இல்லை. ஏழை நாடுகளின் வரிசையிலும் இதே கதைதான். காங்கோ மக்களாட்சிக் குடியரசில் தலைக்குப் பன்னிரண்டாயிரம் கன மீட்டர் அளவில் நீர் ஓடுகிறது. ஏமன் நாட்டிலோ நூறுக்கும் குறைவு. ஏமனும் குவைத்தும் அட்டவணையில் அண்டை வீட்டார். ஆனால் ஏமனில் நீருக்காகப் பெண்கள் கழுதையோடு மலையேறுகிறார்கள். குவைத்தில் எண்ணெயை எரித்துக் கடல்நீரைக் குடிநீராக்கிக் குழாயில் விடுகிறார்கள். வானம் வஞ்சித்ததால் ஏழையானவன், வானம் வழங்கியதால் செல்வனானவன் என்று எவரையும் இந்த அட்டவணையைக் கொண்டு சுட்டிக்காட்ட முடியாது.

இங்கே இன்னொரு கணக்கையும் போட்டுப் பார்க்க வேண்டும். ஒரு மனிதர் குடிக்க, சமைக்க, குளிக்க, துவைக்க நாளொன்றுக்கு நூறு லிட்டர் என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு முப்பத்தாறரைக் கன மீட்டர்தான் ஆகிறது. அப்படியானால் 1,700 எதற்கு? சோற்றுக்கு. நெல்லும் கோதுமையும் கரும்பும் பருத்தியுமே மீதியைக் குடிக்கின்றன. நீரில்லாத செல்வ நாடு தானியத்தைக் கப்பலில் தருவித்துக்கொள்கிறது. தானியத்தோடு அதை விளைவித்த நீரும் கண்ணுக்குத் தெரியாமல் வந்து சேர்கிறது. நீரில்லாத ஏழை நாட்டுக்கு அந்தக் கடையில் கடன் கிடையாது. ஆகவே 750 என்ற எண்ணை வைத்துக்கொண்டு, தமிழ்நாட்டில் ஒவ்வொருவருக்கும் குடிக்க நீர் போதாது என்று சொல்வது தவறு. குடிக்கப் போதும்; இருபது மடங்கு போதும். யாருடைய குடத்துக்கு, எவ்வளவு தொலைவிலிருந்து, என்ன விலைக்கு வருகிறது என்பதே கேள்வி. கொங்கு நாட்டின் எழுநூறு ஆண்டு வரலாறு பெரும்பாலும் இந்தக் கேள்வியைச் சுற்றியே நகர்ந்திருக்கிறது.

அந்த வரலாற்றைக் காலிங்கராயனிடமிருந்து தொடங்குவது முறை. பாண்டியர் ஆட்சியின் கீழிருந்த இந்தக் கொங்குத் தலைவன் பவானி ஆற்றின் குறுக்கே அணைகட்டி, ஐம்பத்தாறு மைல் நீளத்துக்குக் கால்வாய் வெட்டி, நொய்யலோடு இணைத்தான். பணி 1283-இல் நிறைவுற்றது என்பது மரபு. நேராக வெட்டியிருந்தால் பாதியளவு தொலைவில் முடிந்திருக்கும். மேட்டுநிலங்களையும் தொட வேண்டும் என்பதற்காகக் கால்வாய் பாம்புபோல வளைந்து வளைந்து செல்கிறது. பாம்பு ஒன்றே வழிகாட்டியது என்று ஊரார் கதையும் கட்டியிருக்கிறார்கள். என் நெஞ்சைத் தொட்டது வேறொரு செய்தி. தன் குலத்தாரின் நலத்துக்காகவே கால்வாய் வெட்டினான் என்ற பழிச்சொல் எழுந்தபோது, தானும் தன் வழித்தோன்றல்களும் அந்த நீரைத் தொடுவதில்லை என்று சூளுரைத்துவிட்டு அவன் பொள்ளாச்சிப் பக்கத்து ஊத்துக்குளிக்குக் குடிபெயர்ந்துவிட்டான் என்கிறது மரபு. கல்வெட்டுச் சான்றா, வாய்மொழியா என்று வரலாற்று ஆசிரியர்கள் வாதிடட்டும். நீரைக் கொண்டுவருபவன் மேல் மக்கள் முதலில் கொள்ளும் ஐயம் எது என்பதை அந்தக் கதை மிகச் சரியாகப் பிடித்து வைத்திருக்கிறது.

கால்வாய் எட்டாத மேட்டு நிலத்தில் கிணறுதான் கதி. பாறையைப் பிளந்து தோண்டிய கிணறுகளில் கவலை பூட்டி, மாட்டை முன்னும் பின்னும் ஓட்டி இறைத்தே கொங்கு உழவர் பயிர் செய்தார். உடன்பிறந்தார் பிரியும்போது நிலம் பிரியும்; கிணறு பிரியாது. பங்குக் கிணற்றில் முறை வைத்து இறைப்பார்கள்: இன்று அண்ணன் முறை, நாளை தம்பி முறை. முறை தவறிய நாளில் வெட்டுக்குத்து நடந்த கதைகள் ஊருக்கு ஒன்றாவது உண்டு. ஈசாக்கின் வேலையாள்கள் தோண்டிய கிணறுகளைக் கெரார் நாட்டு மேய்ப்பர்கள் தங்களுடையவை என்று வழக்காடிய தொடக்க நூல் பகுதி ஞாயிறு மேடையில் வாசிக்கப்பட்டால், அதை விளக்க நம் ஊரில் மறையுரையே தேவைப்படாது. இரண்டு கிணறுகளைச் சண்டைக்கு விட்டுவிட்டு மூன்றாவது கிணற்றைத் தேடிப் போனான் ஈசாக்கு. போவதற்கு அவனுக்கு இடமிருந்தது.

போக இடமில்லாதவர்களும் இருந்தார்கள். ஊர்க்கிணற்றில் வாளி விட அனுமதிக்கப்படாத அருந்ததியர், யாராவது இரங்கித் தம் குடத்தில் ஊற்றும்வரை காத்து நின்ற காட்சி இந்த மாவட்டத்தின் முதியோர் நினைவில் இன்னும் இருக்கிறது. நம் கிறிஸ்தவ ஊர்கள் இதற்கு விலக்காய் இருந்தன என்று எழுத எனக்குத் துணிவில்லை. சிக்கார் ஊரின் கிணற்றடியில் சமாரியப் பெண்ணிடம் ஆண்டவர் நீர் கேட்டதை ஆண்டுதோறும் தவக்காலத்தில் கேட்டுவிட்டு, வீட்டுக்கு வந்து தனிக் குவளையை எடுத்து வைத்தவர்களும் நாம்தான். தலைக்கு இத்தனை கன மீட்டர் என்று வகுக்கும் கணக்கு எல்லாத் தலைகளையும் சமமாக எண்ணுகிறது. கிணறுகள் அப்படி எண்ணவில்லை.

பைக்காரா மின்நிலையம் 1932-இல் இயங்கத் தொடங்கியது. கவலை மாடுகளின் இடத்தை மோட்டார் பிடித்தது. கோவையின் பட்டறைகள் பம்புசெட்டு செய்வதில் பெயர் பெற்றன. 1990 வாக்கில் உழவர் அனைவருக்கும் மின்சாரம் இலவசமாயிற்று. நூறடிக் கிணறு வற்றியது. ஆழ்துளைக் கிணறு ஐந்நூறு, எண்ணூறு என்று இறங்கி இன்று ஆயிரம் அடியையும் தாண்டுகிறது. நான் முன்பு சொன்ன வைப்புநிதி இதுதான். ஆண்டு வருமானத்தில் வாழாமல் பாட்டனாரின் பெட்டியைத் திறந்து செலவழிக்கும் குடும்பம்போல ஆகிவிட்டோம். ஆயிரம் அடிக்குத் துளைக்க இலட்சக்கணக்கில் பணம் வேண்டும். பணம் உள்ளவர் துளைக்கிறார். பக்கத்துத் தோட்டத்துச் சிறு உழவரின் கிணறு வற்றுகிறது. அவர் தோட்டத்தை விற்றுவிட்டுத் திருப்பூருக்கு வேலைக்குப் போகிறார். மின்சாரம் இலவசம் என்பது ஏழைக்கான சலுகைதான். ஆனால் ஆழத்துக்குப் போக முடிந்தவருக்கே அது முழுமையாகப் பயன்பட்டது.

நகரத்தின் கதைக்கு வருவோம். சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் கோவை நகரம் குடிநீருக்குத் தவித்தது. பிளேக் நோயும் வாட்டியது. பிளேக் மாரியம்மன் என்ற பெயரில் இன்றும் வழங்கும் கோயில்கள் அந்தக் காலத்தின் எச்சம். சிறுவாணி மலையாற்றிலிருந்து நீர் கொண்டுவரலாம் என்று 19-ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே எழுதியும் பேசியும் வலியுறுத்தியவர் எஸ்.பி. நரசிம்மலு நாயுடு. பல்லாண்டுகள் கழித்து, நகராட்சித் தலைவர் சி.எஸ். இரத்தினசபாபதி முதலியாரின் முயற்சியால், 1920-களின் முடிவில் அந்த நீர் மலையைக் குடைந்துவந்து நகரக் குழாய்களை எட்டியது. உலகிலேயே இரண்டாவது சுவையான நீர் என்று கோவைக்காரர் இதைப் பெருமையோடு சொல்வார்கள். முதலாவது எது என்று கேட்டால் ஒருவருக்கும் விடை தெரியாது!

அந்த நீர் நம்முடையதா? அட்டவணைக்காரர்கள் உள்நாட்டு நீர், வெளியிலிருந்து வரும் நீர் என்று பிரித்துக் காட்டுவார்கள். எகிப்து அருந்தும் நைல் ஏறக்குறைய முழுவதும் பிற நாட்டு மழை. வங்கதேசத்தின் நீரில் பத்தில் ஒரு பங்கே அங்கே பெய்த மழை. மீதி எல்லைக்கு அப்பாலிருந்து ஓடிவருவது. கோவையும் அப்படித்தான். சிறுவாணி அணை நிற்பது கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில். 1973-இல் இரு மாநிலங்களும் செய்துகொண்ட உடன்பாட்டின்படி ஆண்டுக்கு 1.3 ஆயிரம் மில்லியன் கன அடி நீர் கோவைக்கு. புதிய அணை 1984-இல் முடிந்தது. இந்த அளவை நாட்கணக்கில் சொன்னால் சுமார் பத்துக் கோடி லிட்டர். ஒப்பந்தத்தின் எண் மாறாமல் நிற்கிறது. அதைப் பகிர வேண்டிய நகரமோ 2011 கணக்கெடுப்புக்குப் பின் எல்லை விரிந்து பதினாறு இலட்சம் பேரைத் தொட்டது. சிறுவாணியை மட்டும் நம்பினால் தலைக்கு நாளொன்றுக்கு அறுபத்துச் சொச்சம் லிட்டர். அதனால்தான் பில்லூரும் ஆழியாறும் துணைக்கு வந்தன. பரம்பிக்குளம்–ஆழியாறு திட்டமும் கேரளத்தோடு 1970-இல் கையெழுத்தான உடன்பாட்டின் பிள்ளையே. 1961-இல் நேரு தொடங்கிவைத்தது. பாசனப் பரப்பை மண்டலங்களாகப் பிரித்து இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை நீர் விடுகிறார்கள். பவானிசாகரின் கீழ்பவானிக் கால்வாயிலும் 2,07,000 ஏக்கரை இரு பாதியாக்கி, ஒரு போகத்தில் ஒரு பாதிக்கும் மறு போகத்தில் மறு பாதிக்கும் முறை வைத்திருக்கிறார்கள். பங்குக் கிணற்றின் பழைய முறைதான், மாவட்டம் அளவுக்கு விரிந்தது. குறைந்த நீரைப் பலருக்குப் பகிரும் இந்தப் பழக்கமே கொங்கு நாடு பாலைவனமாகாமல் காத்தது என்று நான் நினைக்கிறேன். அணைக்கட்டுகளைவிட இதையே நான் பெரிதாக மதிக்கிறேன்.

கோவை வீட்டில் பேச்சு வழக்கில் இரண்டு நீர் உண்டு: நல்ல தண்ணீர், உப்புத் தண்ணீர். உலக அட்டவணை இரண்டையும் ஒன்றாகவே எண்ணுகிறது. நொய்யலைப் பாருங்கள். வெள்ளியங்கிரி மலையில் பிறந்து, பேரூர், உக்கடம், சிங்காநல்லூர் என்று குளம் குளமாக நிரப்பிக்கொண்டு, திருப்பூர் வழியாகக் காவிரியில் கலக்கும் ஆறு. 1992-இல் திருப்பூருக்குக் கிழக்கே ஒரத்துப்பாளையத்தில் அணை கட்டினார்கள். கீழ்ப்பகுதி உழவர்களுக்குப் பாசனம் என்பது நோக்கம். சில ஆண்டுகளிலேயே சாயக் கழிவு தேங்கும் தொட்டியாக அது மாறிற்று. தண்ணீர் திறந்துவிடுங்கள் என்று அரசைக் கெஞ்சும் உழவர்களைத் தமிழ்நாடு அறியும். தயவுசெய்து திறக்காதீர்கள் என்று மன்றாடிய உழவர்களை ஒரத்துப்பாளையத்தில்தான் கண்டது. அவர்கள் தொடுத்த வழக்கில், கழிவை ஆற்றில் அறவே விடக்கூடாது என்று 2006-இல் ஆணை பிறந்தது. அது நிறைவேறாத நிலையில் 2011 சனவரியில் நூற்றுக்கணக்கான சாயப்பட்டறைகளை மூடச் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. உழவர் அழுதார், இப்போது பட்டறைத் தொழிலாளியும் அழுதார். இந்த இருவரில் எவரும் அந்த ஆடையை அணிந்தவர் அல்லர்.

ஒரு பருத்திச் சட்டைக்கு ஏறத்தாழ 2,700 லிட்டர் நீர் ஆகிறது என்பது பலரும் ஏற்றுக்கொண்ட கணக்கு. அதில் பெரும்பகுதி பருத்தி விளைந்த நிலத்தில் செலவாவது. திருப்பூருக்கு வரும் பருத்தியில் பெரும்பங்கு குசராத்திலும் மகாராட்டிரத்திலும் விளைவது. எனவே முழுப் பழியையும் நொய்யல் மேல் சுமத்துவது முறையாகாது. ஆயினும் சாயமும் சலவையும் இங்கேதான். தலைக்கு 750 கன மீட்டர் உள்ள மாநிலம் நீரை ஆடையாக மடித்து, தலைக்கு 70,000 உள்ள கனடாவுக்கும் அனுப்புகிறது. சாயத்தை மட்டும் தன்னிடமே வைத்துக்கொள்கிறது. நாடுகளை ஒப்பிடும் அட்டவணையில் இதற்கென ஒரு கட்டம் இல்லை.

இன்னொரு வருத்தமும் எனக்கு உண்டு. 1951-இல் இந்தியருக்குத் தலைக்கு 5,177 கன மீட்டர் இருந்தது, 2021-இல் 1,486 ஆயிற்று என்று சொல்லும்போது, மழை குறைந்துவிட்டது என்றே பலர் எண்ணுகிறார்கள். மழை ஏறக்குறைய அதேதான். வகுக்கும் எண்ணே பெருகியது. உடனே, பிள்ளைகளைப் பெற்றவரே குற்றவாளி என்ற முடிவுக்குத் தாவுகிறார்கள். ஒற்றை அறையில் ஐவர் வாழும் குடும்பம் ஒரு நாளில் செலவிடும் நீரை, வாசலில் காரைக் கழுவும் குழாய் அரை மணியில் செலவிடும். வகுத்தல் கணக்கு இதை மறைத்துவிடுகிறது. உலகச் செல்வங்கள் எல்லார்க்கும் உரியவை என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-இல் ‘இன்றைய உலகில் திருச்சபை’ ஏட்டில் கற்பித்தது. 2010 சூலையில் ஐ.நா. பொதுப்பேரவை தூய குடிநீரை மனித உரிமையாக ஏற்றது. ‘இறைவா உமக்கே புகழ்’ என்னும் 2015-ஆம் ஆண்டுத் திருமடலில் திருத்தந்தை பிரான்சிசு, நீர் விலைப்பொருளாக மாறுவதைக் கண்டித்து, பாதுகாப்பான குடிநீர் அடிப்படை உரிமை என்று அழுத்தமாக எழுதினார். ஆனால் விலையே கூடாது என்பதும் எளிய வாதமாகிவிடும். 2005–06-இல் திருப்பூருக்குக் காவிரி நீரைக் கொண்டுவந்த புதிய திட்டம் நாளொன்றுக்கு 18.5 கோடி லிட்டர் திறனுடையது. தனியாரும் அரசும் சேர்ந்து நடத்திய முதல் பெரும் நீர்த்திட்டம். அதில் தொழிற்சாலைகளிடம் உயர்ந்த கட்டணமும், வீடுகளுக்கும் சிற்றூர்களுக்கும் மிகக் குறைந்த கட்டணமும் வைத்தார்கள். அந்த ஏற்பாட்டில் நியாயம் இல்லாமல் இல்லை. உண்மையில் அதிக விலை கொடுப்பவர் குழாயே இல்லாதவர்தான். அவர் குடத்துக்கு இவ்வளவு என்று லாரிக்காரரிடம் எண்ணிக் கொடுக்கிறார்.

2024 ஆகஸ்டு 17-ஆம் நாள் அத்திக்கடவு–அவிநாசித் திட்டம் திறக்கப்பட்டது. கோவை, திருப்பூர், ஈரோடு மாவட்ட மக்கள் அறுபது ஆண்டுகளுக்கும் மேலாகக் கேட்டு வந்தது. 1,916 கோடி ரூபாய்ச் செலவில், பவானி ஆற்றின் உபரிநீர் 1.5 ஆயிரம் மில்லியன் கன அடியை நீரேற்றிக் கொண்டுவந்து, 1,045 குளம் குட்டைகளை நிரப்புவது அதன் நோக்கம். பங்கிட்டால் ஒரு குட்டைக்கு நாற்பதாயிரம் கன மீட்டர் அளவில் வரும். பயிருக்கு நேரடியாகப் பாய்ச்ச அன்று; நிலத்தடியில் ஊறி வற்றிய கிணறுகளுக்கு உயிர் தர. செலவழித்த வைப்புநிதியில் சிறிதேனும் திரும்பப் போடும் முயற்சி அது. நீரை எடுக்கும் இடம் காலிங்கராயன் அணைக்கட்டுக்குக் கீழே. எழுநூற்று நாற்பது ஆண்டுகளுக்கு முன் வெட்டிய கால்வாய் தன் பங்கை எடுத்துக்கொண்ட பிறகு, ஆற்றில் மிஞ்சி ஓடுவது இருந்தால்தான் மோட்டார்கள் ஓடும். மிஞ்சாத ஆண்டில் குட்டைகள் காத்திருக்கும்.